ஒன்பது அடி சிவப்பு

அத்தியாயம் 6

ரம்பத்துக்கு இந்தக் கேஸ் காலையிலிருந்தே பிடிக்கவில்லை. கொலை இல்லை, கடத்தல் இல்லை, ஒரு மொட்டைக் கடிதம்கூட இல்லை. காணாமல் போனது ஒரே ஒரு புத்தகம். அதுவும் மண், கிணறு, நீர்மட்டம் என்று ஆளைத் தூங்கவைக்கும் ஓர் ஆராய்ச்சி ஜர்னலின் ஒரு வருஷத்துத் தொகுப்பு. அதைத் திருடினவனைப் பிடித்து உள்ளே தள்ளவே வேண்டாம், உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாலே போதுமான தண்டனை என்று அவன் நினைத்தான். நினைத்ததை வழக்கம்போல வாய்விட்டும் சொன்னான்.

"வாய மூடிட்டு அந்தப் பெட்டிய இப்படித் தள்ளு" என்றாள் குண்டூசி.

துப்பறியும் தொழிலில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு மெலிந்த உடம்பு பாதிக் காரணம். ஓர் இடத்தில் குத்தினால் லேசில் வெளியே வரமாட்டாள் என்பது மீதிக் காரணம். அவளுடைய உதவியாளனுக்கு ரம்பம் என்று ஏன் பெயர் வந்தது என்பதை, அவனோடு ஐந்து நிமிஷம் பேசியவர்கள் யாரும் கேட்டதில்லை.

இருவரும் ஒரு பெரிய கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். சுற்றிலும் பைண்டு செய்த ஜர்னல்கள், மாட்டுக்குக் கட்டுகிற கயிற்றால் கட்டப்பட்டு, சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. போன வாரம் ஒரு லாரி வந்து போய்விட்டது. அடுத்த வாரம் இன்னொன்று வரும், மீதி எல்லாம் காகித ஆலைக்குப் போய்க் கூழாகும். மேலே சுவரில் 'காகிதமில்லா நூலகத்தை நோக்கி!' என்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது. தடித்த காகிதத்தில், வண்ணத்தில், வரிசையாக எட்டுப் பிரதிகள்.

"எட்டு ஒட்டினாத்தான் காகிதம் ஒழியும்னு நம்பிக்கை போல" என்றான் ரம்பம்.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணி சிரிக்க முயன்று தோற்றார். அவர்தான் இந்தக் கேஸின் கட்சிக்காரர். இருபத்தாறு வருஷமாக ஜர்னல் பிரிவைப் பார்ப்பவர். மாணவர்கள் வைத்த பெயர் அட்டை அக்கா. ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஓர் அட்டை வைத்திருப்பார். எந்த இதழ் என்றைக்கு வந்தது, எப்போது பைண்டிங் போனது, யார் எடுத்தார்கள், எந்த அலமாரிக்கு மாறியது, எல்லாம் பென்சிலால் அதில் ஏறிவிடும். இப்போது அந்த அட்டைகளை அவர் தொடக்கூடாது. விசாரணை முடியும்வரை நூலகத்தில் எதிலும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. அதனால் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதைக் கண்ணால் காட்டினார்.

விசாரணை இன்றைக்கு மூன்று மணிக்கு. குற்றச்சாட்டு ஒரே வரிதான். 'வால்யூம் 14-ஐ, சென்ற மாதம் நாலாம் தேதி நடந்த இருப்புச் சரிபார்ப்புக்கு முன்பே, பிரிவுப் பொறுப்பாளர் திருடி வெளியே கொடுத்துவிட்டார்.' நிரூபணமானால் வேலை போகும். திருடி என்ற பெயரோடு போகும்.

"கூழாக்கப் போற புத்தகத்த எதுக்கு மேடம் திருடணும்? ஆலைக்குப் போறதுக்கு முன்னாடி ருசி பார்க்கவா?" என்றான் ரம்பம்.

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். அக்கா, இந்தப் புத்தகம் காணோம்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் அட்டை அக்கா. "ஒரு பொண்ணு வந்துச்சு, ஆராய்ச்சி பண்ற பொண்ணு. வால்யூம் பதினாலுல ஒரு கட்டுரை இருக்கு. அது நம்ம நூலக இயக்குநர் சின்ன வயசுல எழுதினது. வேற யாரோ ஒருத்தர் பிற்பாடு எழுதின கட்டுரையில, 'இது திரும்பப் பெறப்பட்டது'ன்னு அடிக்குறிப்பு போட்டிருக்காங்களாம். கம்ப்யூட்டர்ல பார்த்தா இயக்குநர் கட்டுரை ஜம்முனு இருக்கு, திரும்பப் பெற்ற அறிவிப்பு மட்டும் இல்ல. அதனால காகிதத்துல பார்க்கணும்னு கேட்டுச்சு. தேடினேன், கிடைக்கல. கிடைக்கலன்னா எழுதி வைக்கிறது என் வழக்கம். இயக்குநருக்குக் குறிப்பு அனுப்பினேன், அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்த சீட்டையும் சேர்த்து. மறுநாளே நான் திருடி."

ரம்பத்துக்குத் தூக்கம் கலைந்தது. குண்டூசி சீட்டின் நகலை வாங்கிப் படித்தாள். மாணவி தெளிவாக எழுதியிருந்தாள். 'வால்யூம் 14, இதழ் 4, பின்னட்டையின் உட்பக்கம்.'

"கம்ப்யூட்டர்ல ஏன் இல்ல?"

"கட்டுரைய மட்டும்தான் ஏத்தியிருக்காங்க. கடிதம், அறிவிப்பு, அட்டை இதெல்லாம் யாரு கேக்கப் போறாங்கன்னு விட்டுட்டாங்க. எது ஏறியிருக்கு, எது ஏறலன்னு ஒரு தடவ சரிபார்த்துட்டு அப்புறம் காகிதத்த நிறுத்துங்கன்னு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படிக்கல."

"கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்ற கட்சியாக்கா நீங்க?" என்றான் ரம்பம்.

"எனக்கென்ன தம்பி அது மேல கோபம்? ராத்திரி பன்னெண்டு மணிக்கு வீட்டுல இருந்தே படிக்கலாம், நல்லதுதானே. ஆனா காகிதத்துக்குச் சந்தா கட்டினா, நாளைக்குச் சந்தா நின்னாலும் பழைய புத்தகம் அலமாரியில இருக்கும். இதுல சந்தா நின்னா பழசுக்கும் சேர்த்துக் கதவச் சாத்திடுவான். அத முன்னாடியே யோசிங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் எனக்குப் பழைய பஞ்சாங்கம்னு பேரு."

இயக்குநருக்கும் ஒரு பெயர் இருந்தது. மேகம். எதைக் கேட்டாலும் "எல்லாம் மேகத்துல இருக்கு" என்பாராம். எந்த மேகம், எங்கே இருக்கிறது, மழை பெய்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டால் கூட்டத்தை முடித்துவிடுவாராம். அடுத்த வாரம் அவருக்கு எல்லாக் கல்லூரி நூலகங்களுக்கும் சேர்த்துத் தலைமைப் பதவி வரப்போகிறது. நூலகத்தில் அவர் கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று தெரிந்தவர் யாரும் இல்லை.

குண்டூசி அட்டைப் பெட்டியைக் குடைந்துகொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு சீட்டை உருவி, ரம்பத்திடம் நீட்டினாள். அதில் இப்படி இருந்தது:

'சிவப்பு. ஒன்பது அடி. இயக்குநர் அறை.'

ரம்பம் இரண்டு முறை படித்தான். "அக்கா, இது புத்தகக் கணக்கா, ஜன்னல் திரைக் கணக்கா?"

அட்டை அக்காவின் முகம் சுருங்கியது. "கேலி பண்ணாதீங்க தம்பி. என் வாழ்க்கையில நான் ஒழுங்கா எழுதாத ஒரே சீட்டு அது. ரெண்டு மாசம் முன்னாடி இயக்குநரோட செயலாளர் வந்தாரு. கையில பட்டியல் இல்ல, டேப் இருந்துச்சு. வீடியோ கூட்டத்துல சாருக்குப் பின்னால சுவர் வெறிச்சோன்னு இருக்கு, ஒன்பது அடி அலமாரி போட்டிருக்கோம், சிவப்பா எடுத்துட்டு வரச் சொன்னாருன்னு அளந்து அளந்து எடுத்தாங்க. வால்யூம் நம்பராவது குறிச்சுக்கறேன்னு கெஞ்சினேன். 'படிக்கவா எடுக்கறோம்? சுவருக்கும்மா'ன்னு சொல்லிட்டாரு."

"பதினாலு சிவப்பா?"

"தெரியலையே மேடம். முதல்ல அந்த ஜர்னல் எல்லாம் பச்சையில பைண்டிங் ஆச்சு. நடுவுல சிவப்புக்கு மாறுச்சு. எதுலேர்ந்துன்னு எங்க அண்ணனுக்குத்தான் தெரியும்." நிறுத்தி, கீழே பார்த்தார். "அவர்தான் பைண்டர். நாலு வருஷமா என்கூடப் பேசறதில்ல."

"ஏன்?"

"இனிமே பைண்டிங் கிடையாதுன்னு கடிதம் போச்சு. கையெழுத்து என்னுது."

*

பைண்டரின் கடை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. உள்ளே பசை வாசனை. ஓரத்தில் இரும்பு அழுத்தி ஒன்று வேலையில்லாமல் நிற்க, மேஜை மேல் ஹோட்டல் மெனுக்களுக்கான அட்டைகள் அடுக்கியிருந்தன. கனத்த கைகளை உடைய ஒரு மனிதர் அந்த அட்டைகளுக்குத் தங்க நிறத்தில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஆராய்ச்சி ஜர்னல்லேர்ந்து சூப் பட்டியலுக்கு வந்துட்டீங்களேண்ணே" என்றான் ரம்பம்.

"இத ஜனங்க படிக்கிறாங்க தம்பி" என்றார் பைண்டர் தலை நிமிராமல். "முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும்."

குண்டூசி வந்த விஷயத்தைச் சொன்னாள். நூலகம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர் முகம் இறுகிவிட்டது. தங்கச்சி என்ற வார்த்தைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"அவளுக்கு இப்பத்தான் அண்ணன் ஞாபகம் வந்துச்சா? 'இனி தங்கள் சேவை தேவையில்லை.' தேவையில்லையாம்! முப்பது வருஷம் தைச்ச கை இது. நேர்ல வந்து, 'அண்ணே, மேலிடத்துல இப்படிச் சொல்லிட்டாங்க'ன்னு ஒரு வார்த்த சொன்னா இவ குறைஞ்சா போயிடுவா?"

"வராதது தப்புதான்" என்றாள் குண்டூசி. "இன்னிக்கு மூணு மணிக்கு அவங்கள திருடின்னு எழுதி வெளிய அனுப்பப் போறாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

பைண்டர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு? பாப்பாவா?" என்றார். "பள்ளிக்கூடத்துல கீழே கிடந்த பென்சில வீட்டுக்குக் கொண்டுவந்துட்டு, ராத்திரி முழுக்க அழுதவ அவ. அவளா திருடி?"

அதன் பிறகு குண்டூசி கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒரு தேய்ப்புத் தாள் வைத்திருந்தார். புத்தகத்தின் முதுகில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எந்த எழுத்து எந்த உயரத்தில் வந்தது என்று எடுத்த அச்சு. அடுத்த வருஷத்துப் புத்தகம் அலமாரியில் பக்கத்தில் நிற்கும்போது எழுத்து ஒரே வரிசையில் இருக்க வேண்டுமாம். தாளின் ஓரத்தில் துணியின் நிறத்தையும் எழுதியிருந்தார்.

"பன்னெண்டுலேர்ந்து சிவப்பு" என்றார். "பதினாலு நல்ல தடிமன். ரெண்டரை அங்குலம் இருக்கும்."

"பைண்டிங் பண்ணும்போது ஒவ்வொரு இதழோட மேலட்டையையும் அப்படியே வச்சுத் தைப்பீங்களா?"

"அதெப்படி? அட்டையையும் விளம்பரத்தையும் கிழிச்சுட்டுத்தான் தைக்கணும். நூலகத்து விதி. உள்ள இருக்கற பக்கம் மட்டும் போதும்னு எழுதியே கொடுத்திருக்காங்க."

"கிழிச்ச அட்டைய என்ன செய்வீங்க?"

"நான் காகிதத்த வீணாக்கற ஆள் இல்லம்மா" என்று ஆரம்பித்தார் பைண்டர்.

"ரம்பம், நீ போய் ஸ்கூட்டரத் திருப்பி நிறுத்து. போற வழியில அந்த இயக்குநர் ஏதாவது வீடியோவுல பேசியிருக்காரான்னு போன்ல தேடு. பேசாம இருந்திருக்க மாட்டார்" என்றாள் குண்டூசி.

ரம்பத்துக்கு முக்கியமான கட்டத்தில் வெளியே துரத்தப்படுவது புதிதல்ல. இருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் தேடியது நிமிஷத்தில் கிடைத்தது. ஒன்றல்ல, பதினேழு கிடைத்தது. மேகம் பேசாத தலைப்பே இல்லை. பத்து நிமிஷம் கழித்து குண்டூசி வெளியே வந்தபோது, பின்னாலேயே பைண்டரும் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் துணியில் சுற்றிய ஒரு கத்தி இருந்தது.

"மேடம், ஆள போட்டுத் தள்ளற அளவுக்குப் போகணுமா?" என்றான் ரம்பம் கவலையாக.

"அது புத்தகத்துக்கு" என்றாள் குண்டூசி. "வண்டிய எடு."

*

இயக்குநர் அறை குளிரூட்டப்பட்டு, மின்விளக்குகளோடு படப்பிடிப்புத் தளம் மாதிரி இருந்தது. பெரிய மேஜை, பெரிய நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்த ஒன்பது அடி சிவப்பு. தங்க எழுத்துகள் வரிசை பிசகாமல் மின்னின. பைண்டர் உள்ளே நுழைந்ததும் யாரையும் பார்க்கவில்லை, அந்த வரிசையைத்தான் பார்த்தார்.

ரம்பமும் பார்த்தான். 12, 13, பிறகு ஒரு கண்ணாடிக் கேடயம், பிறகு 15. கேடயத்தில் 'காகிதமில்லா நூலகத்துக்கான சிறப்பு விருது' என்று பொறித்திருந்தது. இதைவிடப் பொருத்தமான இடத்தில் அதை வைக்க முடியாது என்று பிற்பாடு பல பேரிடம் அவன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

விசாரணைக்குத் தலைமை வகித்தவர் கல்லூரிப் பதிவாளர், சிரிப்பே வராத ஓர் அம்மாள். இன்னோர் உறுப்பினர் வெளியூரிலிருந்து சுவர்த் திரையில் தெரிந்தார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் வாய் திறந்தபடியே உறைந்துபோனார். அட்டை அக்கா ஓரத்து நாற்காலியில் அதே மாதிரி கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனைக் கண்டதும் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால் குண்டூசிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ரம்பத்துக்கும் பைண்டருக்கும் கதவோரம் நிற்க இடம் கிடைத்தது.

மேகம் பேச ஆரம்பித்தார். அழகான குரல். கால் மணி நேரம் பேசினார்.

"உலகம் எங்கயோ போயிட்டிருக்கு. இவங்க இன்னும் தூசியக் கட்டிப்பிடிச்சு உட்கார்ந்திருக்காங்க. நான் தனிப்பட்ட முறையில யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா சாவி இவங்ககிட்டதான் இருந்துச்சு. இருப்பு பார்த்தப்போ புத்தகம் இல்ல. அவ்வளவுதான். நஷ்டம் ஒண்ணும் இல்ல, அதுல இருந்தது எல்லாம் மேகத்துல பத்திரமா இருக்கு. விசுவாசம்னு ஒண்ணு இருக்கில்லையா, அதுக்காகத்தான் நடவடிக்கை."

"சார், அந்த வால்யூம் பதினாலு இந்த அறைக்கு எப்பவாவது வந்துச்சா?" என்று கேட்டாள் குண்டூசி.

"இங்கயா? எதுக்கு வரணும்?"

"உங்க பின்னால இவ்வளவு இருக்கே."

"அது அலங்காரம்மா. நான் தொட்டதுகூட இல்ல."

"இந்தக் கேடயம்?"

"ஆரம்பத்துலேர்ந்து அங்கதான் இருக்கு."

"எழுதிக்குங்கம்மா" என்றாள் குண்டூசி பதிவாளரிடம். பதிவாளர் எழுதிக்கொண்டார். "ரம்பம், அந்த வீடியோவ திரையில போடு."

திரையில் உறைந்திருந்த உறுப்பினர் ஒரு மூலைக்கு ஒதுங்க, நடுவில் மேகம் தோன்றினார். தலைப்பு: 'காகிதத்துக்கு விடை கொடுப்போம்.' தேதி சென்ற மாதம் இருபதாம் தேதி. இதே நாற்காலி, இதே சுவர். அவருடைய இடது காதுக்கு மேலே தங்க எழுத்தில் 13 தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் தடிமனாக 14. அதற்குப் பக்கத்தில் 15. கேடயத்தைக் காணோம்.

"வாழ்த்துகள் சார்" என்றான் ரம்பம். "பதினேழு வீடியோவுல எட்டுல உங்க தலையோட சேர்ந்து அதுவும் நடிச்சிருக்கு. நாலாம் தேதிக்கு முன்னாடியே திருட்டுப் போன புத்தகம் இருபதாம் தேதி உங்க காது பக்கத்துல என்ன பண்ணுது? ரகசியம் சொல்லுதா?"

அட்டை அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

குண்டூசி நிதானமாகச் சொன்னாள். "கீழே இருப்பு பார்த்தப்ப அது கிடைக்காததுக்குக் காரணம், அது மேல உங்க சுவர்ல இருந்ததுதான். எது இங்க வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா நீங்க அடிக்கணக்குல வாங்கினீங்க. உங்களுக்கே தெரியாது. இந்தம்மா 'பதினாலு காணோம்'னு குறிப்பு அனுப்பினதும்தான் திரும்பிப் பார்த்தீங்க. உங்க மானம் போற விஷயத்த ரெண்டு மாசமா நீங்களே முதுகுக்குப் பின்னால நிறுத்தி வச்சிருந்தீங்க. உருவி, போன வார லாரியில ஆலைக்கு அனுப்பிட்டு, அந்த இடத்துல விருத வச்சுட்டீங்க. பழிய இவங்க மேல போட்டீங்க."

மேகம் இருமினார். தண்ணீர் குடித்தார். பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் குடிக்கிற நேரத்திலேயே புதுப் பொய் தயாராகிவிடுகிறது.

"கடைநிலை ஊழியர் யாராவது எடுத்திருக்கலாம்" என்றார். "சரி, வீடியோவுல இருக்கு, ஒத்துக்கறேன். இவங்கள மன்னிச்சு விட்டுடலாம். ஆனா என் மானம் போற விஷயம்னு சொன்னீங்களே, அது என்ன? என் கட்டுரை மேகத்துல இருக்கு, யாரு வேணா பார்க்கலாம். திரும்பப் பெற்ற அறிவிப்புன்னு எவளோ ஒரு பொண்ணு கதை விடறா. எங்க இருக்கு? காட்டுங்க. வால்யூம் பதினாலுதான் இல்லையே!"

அவர் முகத்தில் தெம்பு திரும்பியது. ரம்பத்துக்கு வயிறு எரிந்தது. மன்னிச்சு விட்டுடலாமாம். திருடியது இவர், மன்னிப்பது இவர்.

"அக்கா அனுப்பின குறிப்போட ஒரு சீட்டு இருந்துச்சே, முழுசா படிச்சீங்களா சார்?" என்றாள் குண்டூசி.

"தலைப்பு பார்த்தேன். அது போதும்."

"போதாது. இதழ் நாலு, பின்னட்டையின் உட்பக்கம்னு எழுதியிருந்துச்சு. பைண்டிங் பண்றப்ப அட்டையக் கிழிச்சுடணும்னு இந்த நூலகத்துல விதி இருக்கு சார். நீங்க கூழாக்கின பதினாலுல அந்த அறிவிப்பு இருந்ததே இல்ல. நீங்க ஒழிச்சது தப்பான புத்தகம்."

மேகத்துக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டார். நிஜமான நிம்மதிச் சிரிப்பு. "அப்போ எங்கயுமே இல்லன்னு நீங்களே சொல்றீங்க!"

"அண்ணே" என்று கூப்பிட்டாள் குண்டூசி.

பைண்டர் கதவோரத்திலிருந்து நடந்து வந்தார். இயக்குநரின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், கேடயத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வால்யூம் 15-ஐ உருவினார். உள்ளங்கையில் ஒருமுறை எடை பார்த்தார்.

"நான் காகிதத்த வீணாக்கறதில்ல" என்றார் பதிவாளரைப் பார்த்து. "முதுகுக்கு உள்ள கெட்டித் தாள் வச்சு ஒட்டணும், இல்லேன்னா புத்தகம் குனிஞ்சு போயிடும். கடைத் தாள் ஒத்துக்காது. அந்தந்த ஜர்னலோட அட்டைதான் அளவும் சரியா இருக்கும், கெட்டியாவும் இருக்கும். போன வருஷம் கிழிச்ச பின்னட்டைங்கதான் இந்த வருஷத்துப் புத்தகத்துக்கு முதுகு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா ஒட்டுவேன். நாலு மேல வரும், உட்பக்கம் வெளியப் பார்த்து. வெளித் துணி அதுல ஒட்டாது, புத்தகம் விரியணும்ல."

துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்தார். சிவப்புத் துணியின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. துணி கதவு மாதிரி திறந்துகொண்டது. உள்ளே மஞ்சளேறிய தாள், அதில் கறுப்பு எழுத்து, நேற்று அச்சடித்ததுபோல் சுத்தமாக.

பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். சத்தமாகவே படித்தார்.

"'ஆசிரியர் குழு அறிவிப்பு. இத்தொகுதியின் இரண்டாம் இதழில் வெளியான கிணற்று நீர்மட்டம் பற்றிய கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. அதிலுள்ள அளவுகள் கட்டுரையாளர் எடுத்தவை அல்ல. மூன்று ஆண்டுகள் கிணறு கிணறாகச் சென்று அளந்த கள உதவியாளரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து, அவர் அறியாமல் எடுக்கப்பட்டவை. கட்டுரையாளர் இதை ஒப்புக்கொண்டுள்ளார்.'"

கீழே பெயர் இருந்தது. பதிவாளர் அதைப் படிக்கவில்லை, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

மேகம் எழுந்து, இரண்டு கைகளையும் ஆட்டி ஆவேசமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் இருந்த உறுப்பினருக்கு உயிர் வந்தது.

"சார், உங்க குரல் இங்க வரவே இல்ல" என்றார் அவர். "மத்தது எல்லாம் தெளிவா கேட்டுச்சு."

ரம்பம் சிரிப்பை அடக்கவில்லை. அடக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. பதிவாளர் குற்றச்சாட்டுத் தாளை எடுத்து, இரண்டாகக் கிழித்து, அட்டை அக்காவைப் பார்த்தார். "நீங்க வேலையப் பாருங்கம்மா. லாரி வர வேண்டாம்னு நான் சொல்லிடறேன்."

அட்டை அக்கா எழுந்தார். முதலில் அண்ணனிடம்தான் போனார்.

"நேர்ல வந்து சொல்லியிருக்கணும்ண்ணே" என்றார். குரல் உடைந்தது. "அந்தக் கடிதத்த வச்சுக்கிட்டு உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பயந்துட்டேன்."

"சரி சரி, அழாத" என்றார் பைண்டர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "இதுக்கு மறுபடி துணி போடணும். சீட்டு எழுது. சீட்டு இல்லாம நான் எடுத்துட்டுப் போகமாட்டேன்."

அட்டை அக்கா கைப்பையிலிருந்து பென்சிலையும் அட்டைக் கட்டையும் எடுத்தார். ஆனால் உடனே சீட்டு எழுதவில்லை. அந்த ஒன்பது அடியின் ஒரு முனைக்குப் போய் நின்று, ஒவ்வொரு முதுகாகத் தொட்டு, இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுத விடாத பட்டியலை எழுத ஆரம்பித்தார். பன்னிரண்டு, இருக்கிறது. பதின்மூன்று, இருக்கிறது. எல்லோரும் அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்குக்கு வந்ததும் அட்டையில் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு அதை மேஜையில் வைத்து, கேடயத்தை ஒதுக்கிவிட்டு, இயக்குநர் பக்கமாகத் தள்ளினார்.

'வால்யூம் 14. எடுத்தவர்: இயக்குநர். திருப்பித் தரவில்லை.'

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்று பென்சிலை நீட்டினார் அட்டை அக்கா.